ஆற்றுக்கு ஒரு டச்சப்

"கொஞ்சம் நிமிருங்க. அவ்வளவுதான். அப்படியே இருங்க, அசையாதீங்க" என்கிறார் போட்டோக் கடைக்காரர் டச்சப், ஆற்றைப் பார்த்து. ஆறு அதுபாட்டுக்கு அசைந்துகொண்டிருக்கிறது. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களிடம் முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி வாயில் ஒட்டிக்கொண்ட வார்த்தைகள். எதிரில் இருப்பது முகமா, தண்ணீரா என்றெல்லாம் அந்த வாய் பார்ப்பதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஏழு மணி, பாலத்துக்குக் கீழே அதே தட்டைப் பாறை. கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் அவரே சிவப்புப் பெயின்ட்டில் புள்ளி வைத்திருக்கிறார். பதினோரு வருடத்தில் ஒரு மாதம் தவறியதில்லை. மகள் கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளை வீட்டாரைக் காக்கவைத்துவிட்டு இங்கே வந்து நின்றார். "பிள்ளைங்கள சுவத்துல நிறுத்திக் கோடு போடுறோம்ல, அதுமாதிரிதான். ஒரே இடத்துல நின்னாதான் ஆறு இளைக்குதா தேறுதான்னு தெரியும்" என்பார். ஏழு ஊர் குடிக்கும் தண்ணீர் அது. ஆற்றைக் காப்பாற்றக் கிளம்பிய குழுவுக்கு அவர்தான் படக்காரர், சம்பளம் இல்லாமல்.

கடையில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. மரு, பரு, தழும்பு, கண்ணுக்கடியில் கருவளையம் எதுவானாலும், கேட்காமலே துடைத்துவிடுவார். "நம்மகிட்ட வந்தவங்க அசிங்கமாப் போகக்கூடாது சார்." 'டச்சப்' என்ற பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். அவர் கைபட்ட ஒருவரை விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்களாம். படத்தில் இருப்பது அவருடைய தம்பி என்று அதிகாரி அடித்துச் சொன்னாராம்.

போன மாதம் அந்தக் கொள்கை மேடையேறியது. மேல்கரைச் சாயத் தொழிற்சாலை, இருக்கிற கழிவுக்குழாய் போதாதென்று இன்னும் மூன்று கேட்டிருந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் குழு டச்சப்பின் நூற்று முப்பத்திரண்டு படங்களைத் திரையில் ஓட்டியது. தொழிற்சாலை வக்கீலுக்கு வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. "இதுல குழாய் எங்கங்க இருக்கு? நுரை எங்க? காலண்டருக்குப் போடுற மாதிரியில்ல இருக்கு!" என்றார் கூட்டத்தை நடத்திய அதிகாரி. முதலில் கைதட்டியவர் தொழிற்சாலை மேனேஜர்.

குழாய் இருந்தது. ஆற்றின் முகவாயில் ஒரு மருவைப் போல இருந்தது. மாதாமாதம் ஞாயிறு மாலை, தேநீர் ஆறுவதற்குள், அதை எடுத்துவிடுவது டச்சப்புக்கு வழக்கம். நுரையையும் பாட்டில்களையும்கூட. படங்களைக் கேட்டு வாங்கிய குழுவினரும் "பிரமாதம்!" என்றார்களே தவிர, குழாயைத் தேடவில்லை.

"ஒரிஜினல் இருக்கா?" என்று குழுத்தலைவர் காதைக் கடித்தார்.

"அதே பேர்ல சேவ் பண்ணிட்டேன். ரெண்டு வெச்சா இடம் அடைக்கும்னு..."

வேறு ஆதாரம் இருந்தால் பதினைந்து நாளில் கொடுங்கள், இல்லாவிட்டால் அனுமதிதான் என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

இரண்டு நாள் டச்சப்புக்குச் சோறு இறங்கவில்லை. "ஊரே அந்தத் தொழிற்சாலைக்காரங்களைத் திட்டுது. அவங்களுக்கு ஓசியில வேலை பார்த்தவன் நான்தான்" என்று மனைவியிடம் உடைந்து அழுதார். அழவிட்டுவிட்டு மனைவி கேட்டார்: "என் படமெல்லாம் இருக்குமே, அதுல பாத்தீங்களா?"

வருடத்துக்கு ஒருமுறை, கல்யாண நாளன்று, மனைவியை அந்தப் பாறையில் நிறுத்தி ஒரு படம் எடுப்பார். முதல் வருடம் நிறத்தைக் கூட்டி, முகவாய் மருவை எடுத்து நீட்டியபோது மனைவி கேட்டது: "யாருங்க இவ? எங்க இருக்கா?" அதோடு ஓர் உத்தரவு. "இனிமே என் மூஞ்சில கை வெச்சீங்க, நடக்கிறதே வேற." அந்தப் பயத்தில் அடுத்த பத்துப் படங்களும் எடுத்தது எடுத்தபடி கிடந்தன.

கடைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்தார். கைப்பையை இறுக்கிப் பிடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு மனைவி. தோளுக்குப் பின்னால் குழாய். வருடத்துக்கு வருடம் நுரை பெருத்து, கடைசிப் படத்தில் பாறையையே தொட்டிருந்தது. அதில் மனைவி கைக்குட்டையால் பாதி மூக்கைப் பொத்தியிருந்தார்.

"உனக்குப் படம்னாலே பிடிக்காது, அதான் இப்படி நிக்கிறேன்னு நெனச்சேன்."

"நாத்தம் தாங்கலைன்னு வருஷா வருஷம் சொன்னேன். நீங்கதான் 'சிரி, சிரி'ன்னீங்க."

டச்சப் கடைசிப் படத்தைப் பெரிதாக்கினார். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து, மனைவியின் முகவாய் மருவைத் தாண்டி, குழாயின் வாயில் போய் நின்றது. மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டச்சப் மவுஸிலிருந்து வலது கையை எடுத்தார். அதைத் தொடைக்கடியில் செருகி, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டு, இடது கை விரலால் தட்டித்தடவிப் பிரிண்ட் கொடுத்தார்.