சூசைக்கு போன்

டெலிபோன் ஆப்பரேட்டர் வேலைக்குக் குரல் இனிமையாக இருந்தால் போதும் என்று எனக்குச் சொன்ன புண்ணியவானை இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன். அகப்பட்டால் சண்டை இருக்கிறது.

மொழியியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கும்வரை வீட்டில் சும்மா இருப்பானேன் என்று, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்துத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். வெளியிலிருந்து தொழிலாளிக்கு போன் வந்தால், நான் அவர் பெயரை மைக்கில் சொல்லவேண்டும். ஷாப் என்கிற ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் ஒலிபெருக்கி அலறும். பெயருக்கு உரியவர் கேட்டில் இருக்கும் போனுக்கு ஓடிவரவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆஸ்பத்திரியில் சீட்டுப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறவர்களே, ரேஷன் கடையில் கூப்பிடுகிறவர்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். கேளுங்கள்.

கோட்டயம் போனவர்

சேர்ந்த புதிதில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் சூசை என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். எனக்கு முன்னால் இருந்த ஆப்பரேட்டர் காலத்தில் நடந்ததைச் சொன்னார். அவர் மனைவி ஞானம்மாளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த இடம், கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரி. பிள்ளைக்கு மூச்சு சரியில்லை. அங்கிருந்த சிஸ்டர், சூசை என்றால் ஜோசப்தானே என்று, "ஜோசப்பை உடனே வரச்சொல்லுங்கள், மனைவிக்குப் பிரசவம்" என்று போன் செய்துவிட்டார். மைக்கில் ஜோசப் என்று கூப்பிட, டூல் ரூம் சூப்பர்வைசர் ஜோசப் வந்தார். மலையாளி. அவர் மனைவியும் அப்போது மாசமாக இருந்தார், கோட்டயத்தில். மனுஷன் அன்றைக்கே ரயிலேறிப் போய் இறங்கினால், அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாராம். இங்கே சூசை ஓ.டி.யும் முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளை தங்கவில்லை.

இப்போது ஞானம்மாள் மறுபடி மாசம். சூசை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்த வாட்டியாவது நான் பக்கத்துல இருக்கணும், ஆப்பரேட்டரம்மா. இன்னா பேர்ல போன் வந்தாலும் சரி, என்னைக் கூப்டுடு. அது போதும்."

கேன்டீனில் ஒரு சொற்பொழிவு

எனக்கு வந்ததே கோபம். ஒரு பெயர் ஊர் ஊராகப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டது. அதற்கு ஒரு தகப்பன் தண்டம் அழவேண்டுமா? மறுநாள் மதியம் கேன்டீனில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்றேன். யோசேஃப் என்பது எபிரேயப் பெயர். 'கடவுள் இன்னும் ஒன்று கூட்டித் தரட்டும்' என்று பொருள். அரபு நாட்டில் அது யூசுப். போர்ச்சுகீசியர் ஜோசே என்று கப்பலில் கொண்டுவந்தார்கள், நம் வாயில் சூசை ஆயிற்று. தமிழ் வேதாகமத்தில் யோசேப்பு. வெள்ளைக்காரனுக்கு ஜோசப், மலையாளத்துக்கு ஔசேப்பு, ஸ்பெயினில் ஹொசே, ருஷ்யாவில் யோசிஃப். வளன் என்று நல்ல தமிழிலேயே சொன்னவர்களும் உண்டு. புது மிஷின் பூட்டிக்கொடுக்க வந்திருக்கிறாரே இத்தாலிக்காரர் ஜுசெப்பே, அவரும் சூசைதான்!

தன் பெயர் காதில் விழுந்ததும் ஜுசெப்பே சாம்பார்க் கையோடு எழுந்து எல்லாருக்கும் வணக்கம் போட்டார். நான் இங்கிலீஷில் விளக்கியபோது அவர் கண்ணே கலங்கிவிட்டது. ஜோசப் சார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தம்முடையது பழைய குடும்பம், இங்கேயுள்ள சூசைக்கும் தமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். சாப்பாட்டு நேரம் முடியும்வரை அவரோடு வாதாடினேன். ஸ்டோர்ஸில் இருக்கும் யூசுப் பாய் வாயைத் துடைத்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏம்மா, பேரு ஒண்ணுன்னா சூசைக்கு வர்ற மெமோவும் எனக்குத்தானா?"

மச்சானுக்குப் பிடித்த பேய்

அன்றிலிருந்து என் மைக்குக்குச் சனி பிடித்தது. யூசுப் என்று கூப்பிட்டால் சூசை வருவார். சூசை என்றால் பாய் வருவார். முதலில் விளையாட்டுக்குத்தான் செய்தார்கள். போகப் போக யாருக்கு எது விளையாட்டு, எது நிஜம் என்று எனக்கே தெரியவில்லை. கோட்டயத்திலிருந்து வந்த ட்ரங்க் காலை பாய் எடுத்து, ஜோசப் சாரின் மாமியாரிடம் மூட்டுவலி விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

ஜுசெப்பேக்கோ விளையாட்டே தெரியாது. இந்தத் தொழிற்சாலையில் என் பேச்சை முழுசாக நம்பிய ஒரே ஆள் அவர். எந்தப் பெயரைச் சொன்னாலும் வேலையைப் போட்டுவிட்டு கேட்டுக்கு ஓடிவந்து, போனை எடுத்து, இத்தாலிய மொழியில் ஆசையாக நாலு வார்த்தை பேசுவார். ஒரு தரம் வாலாஜாபாத்திலிருந்து பாயின் மைத்துனர் பேசினார். வைத்த வேகத்தில் மறுபடி கூப்பிட்டு என்னிடம் பதறினார்: "இன்னாம்மா ஆச்சு எங்க மச்சானுக்கு? பேய் பூந்துகிச்சா? இன்னாவோ பாஷை பேசிக்கினு சிரிக்கிறாரு!"

டீக்குப் பெயர் இல்லை

ஞானம்மாளும் எங்கள் கேன்டீனில்தான் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நல்ல கணீர்க் குரல். "யூசுப் பாய், டீ!" என்றால் ஸ்டோர்ஸ்வரை கேட்கும். புருஷனுக்கு மட்டும் "இந்தாய்யா". என் சொற்பொழிவுக்குப் பிறகு கவனிக்கிறேன், பாய் 'ஸ்டோர்ஸ்காரரு' ஆகிவிட்டார், ஜோசப் சார் 'மீசை சாரு', ஜுசெப்பே 'செவப்பு சாரு'. என்ன விஷயம் என்று கேட்டேன். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாதாம். அவர் ஆயுசுக்கு ஆகாதாம். இவையெல்லாம் அதே பெயர் என்று நான்தானே சொன்னேனாம்.

விடுவேனா? பெண்டாட்டி நாக்கில் புருஷன் ஆயுசைக் கட்டித் தொங்கவிட்டது யார்? அவர் உன் பெயரை நாளெல்லாம் சொல்கிறாரே, உன் ஆயுசு மட்டும் என்ன கருங்கல்லா? கோயிலில் சூசையப்பர் ஜெபத்தை எப்படிச் சொல்லுவாய்? இப்படி மடக்கினேன். ஜெபத்தில் அந்த இடம் வந்தால் 'எங்க வூட்டுக்காரரு பேருகாரரே' என்பாராம், அவருக்குப் புரியுமாம். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "முன்னே ஒரு பேருதான் சொல்லக்கூடாதுன்னு இருந்துது. நீ வந்து கூடை பேரை என் வாயிலேருந்து புடுங்கிட்டியே, எம்மா!"

வீட்டுக்காரர் வேண்டும்

நிறைமாசமானதும் ஞானம்மாள் வேலைக்கு வருவதை நிறுத்தினார். சுங்குவார்சத்திரத்துக்கு உள்ளே தள்ளி அவர்கள் கிராமம். சூசை தினமும் ஷிப்டுக்குள் நுழையுமுன் என் ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். ஒரு மழை நாள், மதியம், ஒரு போன். லைனில் ஒரே கரகரப்பு. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு பெண் குரல்.

"வூட்டுக்காரரைக் கூப்புடு."

"யாரோட வீட்டுக்காரர்?"

"என் வூட்டுக்காரரு!"

எனக்கு எரிச்சல். "இங்க வேலை செய்யறவங்க எல்லாருமே யாராவது ஒருத்தருக்கு வீட்டுக்காரர்தாம்மா. பேரைச் சொன்னாத்தான் கூப்பிட முடியும்."

அப்புறம் ஒரு முனகல். அப்புறம் அந்தக் கணீர்க் குரல் கரகரப்பைக் கிழித்துக்கொண்டு வந்தது: "எந்தப் பேரைடி சொல்றது? எல்லாம் ஒரே பேருன்னு நீதானேடி சொன்னே, பாவி! வலி எடுத்துகிச்சு, சத்திரத்து டீக்கடையில நிக்கிறேன், பஸ் ஒண்ணும் வரல, கூப்புடுடி அவரை!"

கேட்டில் கூட்டம்

மைக்கைப் பிடித்து சூசை, சூசை என்று கத்தினேன். பாய் வந்தார். ஜோசப் சார் எட்டிப் பார்த்தார். ஜுசெப்பே ஓடியே வந்தார். சூசை வரவில்லை. பிரஸ் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. ஞானம்மாளுக்கு வலி கண்டுவிட்டது என்று அவர்களிடம் அலறினேன். ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றிருந்தாரே ஜோசப் சார், அவர்தான் பிரஸ் ஷாப்புக்குள் பாய்ந்து, மெயினை அணைத்துவிட்டு, சூசையைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். ஜுசெப்பேக்குக் கம்பெனி கொடுத்த கார் ஒன்று நின்றிருந்தது. அதில் நாலு பேரும் ஏறிக்கொண்டு, டீக்கடையிலிருந்து ஞானம்மாளையும் ஏற்றிக்கொண்டு, மழையில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள்.

பிள்ளை பிறந்து வீல் என்று அழுதபோது சூசை கதவுக்கு வெளியே நின்றிருந்தாராம். பையன். நல்ல மூச்சு. சிஸ்டர் வெளியே வந்து, "இங்கே ஜோசப் யார்?" என்று கேட்க, மூன்று பேர் முன்னால் வந்து நின்றார்களாம். திகைத்துப்போன சிஸ்டருக்கு பாய் விளக்கம் சொல்லியிருக்கிறார்: "நாங்க எல்லாருமே ஜோசப்புதான் சிஸ்டர். அப்பன் மட்டும் அதோ, உங்களைத் தள்ளிவிட்டு உள்ள பூந்துட்டான் பாருங்க, அவன்!"

பெயர் வைக்கிற வேலை

சூசை பூந்தி வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார். பையனுக்கு என்ன பெயர் என்று அடுத்த ரகளை. ஜுசெப்பே என்று வைத்தால் ஊருக்கு எழுதி உடுப்பு தருவிப்பேன் என்றார் இத்தாலிக்காரர். யூசுப் என்று வைத்தாலும் தப்பில்லை என்றார் பாய். அழகாக ஜோசப் என்றே வையுங்கள் என்றார் ஜோசப் சார். ஞானம்மாள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். பெற்ற பிள்ளையை வாய்விட்டுக் கூப்பிட வேண்டாமா?

சாயங்காலம் சூசை என் ஜன்னலுக்கு வந்தார். முகத்தில் சிரிப்பும் பயமும் பாதிப் பாதி. "ஞானம்மா சொல்லி அனுப்பிச்சுது, ஆப்பரேட்டரம்மா. ஒலகத்துல எந்த மூலையிலயும், எந்தப் பாஷையிலயும் என் பேரு ஆவாத பேரா ஒண்ணு நீயே சொல்லணுமாம். நாளைக்கு யாராச்சும் எம்.ஏ. படிச்சவங்க வந்து, அதுவும் என் பேருதான்னுட்டா, ஞானம்மா என் புள்ளைய இன்னான்னு கூப்புடும்?"

ஞானஸ்நானம் தள்ளிப்போகிறதே என்று பங்குச் சாமியார் கோபித்துக்கொண்டிருக்கிறார், நானும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன், பையன் தவழவே ஆரம்பித்துவிட்டான், அவன் அம்மா இன்றுவரை அவனை 'டேய்' என்றுதான் கூப்பிடுகிறார், ஏனென்றால் எந்த நாட்டிலும் எந்த வீட்டுக்காரருக்கும் அந்தப் பெயர் கிடையாது என்று மொழியியல் படித்த நானே உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன்.