அக்காவின் பதினோரு நிமிடப் படம்

எங்கள் தெருவில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் என் அக்கா வேம்பு. பத்தாவது பரீட்சையில் இரண்டு தடவை உட்கார்ந்து இரண்டு தடவையும் வெறுங்கையோடு எழுந்து வந்தவள் நான். அம்மா இல்லாத வீட்டில் ஐயாவு என்ற எங்கள் அப்பாவுக்கு இப்படி இரண்டு பெருமை.

அக்கா சென்னையில் சேர்ந்தது சினிமா, டெலிவிஷன் தயாரிப்புப் படிப்பு. குடவாசல் பக்கம் டாக்டர் படிப்பு தெரியும், டீச்சர் படிப்பு தெரியும். இது தெரியாது. "ஒம் பொண்ணு சினிமாவுல நடிக்குதாமே" என்று டீக்கடையில் மருதையன் மாமா இழுப்பார். "நடிக்கல மச்சான். நடிக்கிறவன நிக்க வைக்கிற படிப்பு" என்பார் அப்பா. அதைச் சொல்லும்போது மட்டும் நிமிர்வார். பண்ணை துரைராசுவின் ஒன்பது மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கரை, இருபது வருடமாகக் குத்தகைக்கு உழுகிறவருக்கு மற்ற நேரத்தில் முதுகு வளைந்துதான் இருக்கும்.

கடைசி வருடம் ஆளுக்கொரு படம் எடுத்துக் கொடுத்தால்தான் பட்டம். குத்தகைக்காரரைப் பற்றிப் படம் எடுக்க அக்கா கேமராவோடு நடவுக்கு வந்தாள்.

அன்றைக்கு அப்பா விடியும்போதே நாற்றங்காலில் இறங்கி நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். அக்கா அதை எடுத்துச் சின்னத் திரையில் போட்டுப் பார்த்தாள். முதுகும் கோவணமும் தெரிந்தன. முகம் இல்லை.

"அப்பா, மேல வாங்க. குளிச்சிட்டு வெள்ள வேட்டி சட்ட போட்டுக்கிட்டு வரப்புல நில்லுங்க."

"நடவு அன்னிக்கா?"

"எல்லாப் படத்துலயும் நம்மாளு குனிஞ்சே இருக்கான்ப்பா. என் படத்துல நிமிந்து நிக்கட்டும்."

இரவல் குடையும் கையுமாக நின்றார். நான் கேமராவுக்குப் பின்னால் தெர்மோகோல் அட்டையைப் பிடித்து வெயிலை அவர் முகத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்குமா?

"மிராசுதாரரே, நாத்து மேல நெழல் விழுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

நடவுப் பெண்கள் சிரித்தார்கள். அப்பாவும் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "வேலயப் பாருங்கடி. நான் என்ன சேத்துல எறங்குற ஆளா?" என்றார். அக்கா அதையும் படத்தில் வைத்துக்கொண்டாள். நாற்றுப் பறித்ததை வெட்டிவிட்டாள்.

படத்துக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண். பொங்கலன்று உள்ளூர் கேபிளிலும் போட்டார்கள். அரசாங்கம் கொடுத்த கலர் டிவி வீட்டுக்கு வீடு வந்திருந்த சமயம். தெருவே பார்த்தது. துரைராசு வீட்டிலும் பார்த்திருக்கிறார்கள்.

மாசியில் நிலத்தை விடச் சொல்லித் துரைராசுவிடமிருந்து நோட்டீஸ் வந்தது. உழுகிறவனுக்குப் பாதுகாப்பு என்று கட்சிக்காரர்கள் மேடைக்கு மேடை சொல்கிறார்களே, அந்தச் சட்டத்தில் ஒரு வரி உண்டு. குத்தகைக்காரனோ அவன் வீட்டு ஆளோ உடம்பால் உழைக்க வேண்டும். ஐயாவு ஆள் விட்டு வேடிக்கை பார்ப்பவர், அதற்கு ஆதாரம் அவர் மகள் எடுத்த படம் என்று எழுதியிருந்தது.

எங்கள் வக்கீல் தியாகேசன் சிரித்துவிட்டார். "இதுக்கா பயப்படுறீங்க? பொண்ணு நிக்கச் சொல்லுச்சு, நின்னேன்னு சொல்லுங்க. போதும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா மெதுவாகக் கேட்டார். "போன வருசம் வேம்பு சொல்லுச்சே, பொய்ப் படம் குடுத்த பையன வெளிய அனுப்பிட்டாங்கன்னு."

அந்தப் பையன் வேறு யாரோ எடுத்த படத்தில் தன் பெயரைப் போட்டுக் கொடுத்தவன். "அது வேறப்பா" என்றேன்.

"ஒனக்கென்ன தெரியும், பத்தாவதே தாண்டல. நிக்க வச்சு எடுத்ததுன்னு நான் கோர்ட்டுல சொன்னா அது எழுத்துல ஏறிடும். பட்டத்தப் புடுங்கிடுவாங்க."

"அக்காவுக்கே போன் போட்டுக் கேப்போம்."

"அதுக்குத் தெரியவே கூடாது" என்று அம்மா பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஆவணியில் விசாரணை. வருவாய்க் கோர்ட்டில் டிவி வைத்துப் படத்தைப் போட்டார்கள். என் குரல் வந்தது. நான் சொன்ன கேலிக்கு ஒரு ஆள்கூடச் சிரிக்காதது அன்றைக்குத்தான்.

"இது நடிப்பா, நெசமா?" என்று அதிகாரி கேட்டார்.

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் நகக்கண்ணில் இருந்த சேறு தெரிந்தது. "நெசந்தாங்க. எம்பொண்ணு உள்ளத உள்ளபடிதான் எடுக்கும். நான் சேத்துல எறங்குறதில்லீங்க."

நான் எழுந்தேன். அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். உட்கார்ந்துவிட்டேன்.

தீபாவளிக்கு அக்கா வந்தாள். எங்கள் ஒன்பது மாவில் வேறு ஆட்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். கொல்லையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியத்தை மீறினால் கண் போகும் என்பார்கள். போகட்டும் என்றிருந்தது.

"நிக்க வச்சு எடுக்கிறதுதான்டி படிப்பே. அதுக்கு யாரு பட்டத்தப் புடுங்குவா?" என்றாள். தியாகேசனுக்கு போன் போட்டாள். அப்பீலுக்கு உண்டான நாள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார் அவர்.

அக்கா உள்ளே போனாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

அப்பா என்னை முறைத்தார். பிறகு அவளைப் பார்த்தார். "சொல்லலன்னா ஒம் பட்டத்தப் புடுங்கியிருப்பாங்கல்ல?"

கேட்டுவிட்டு, சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாப்பா" என்றாள் அக்கா. "புடுங்கியிருப்பாங்க."

"அப்பச் சரி" என்று அப்பா ரசத்துக்குக் குழி பண்ணினார். அக்கா குனிந்து ஊற்றினாள்.