மாலதியின் இடக் கன்னம்

என் தங்கை மாலதியின் முகத்தை அழிக்கச் சொன்னவள் நான்தான். ஸ்ரூடியோக்காரர் அல்ல... நான்!

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. போருக்குத் தப்பி நாங்கள் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்திருந்த காலம். பகலில் வேலை, மாலையில் பல்கலைக்கழக வகுப்பு. நவீன யப்பானியப் பெண் எழுத்தாளர்களைப் பற்றிய பாடம். மொழிபெயர்ப்பில் படித்த அந்தக் கதைகளில் பெண்கள் கண்ணாடி முன் நின்று, தங்களை ஆண்களின் கண்களால் அளந்து அளந்தே தேய்ந்துபோனார்கள். எனக்குப் பற்றியெரிந்தது. 'ஆண் தன் முகத்தோடு பிறக்கிறான். பெண்ணுக்கோ பிறர் பார்த்த பின்தான் முகம் கிடைக்கிறது' என்று கட்டுரையில் எழுதினேன். எவ்வளவு பெரிய வாய் எனக்கு!

அதே வாரம் மாலதிக்குப் பக்கத்து நகரான மிசிசாகாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. படம் கேட்டார்கள். அவள் இடக் கன்னத்தில், ஊரில் வெடித்த ஷெல் குண்டின் துண்டு கீறிய வடு இருக்கிறது. அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. நாங்கள் இருந்த வோபர்ன் பகுதி ஸ்ரூடியோவில் நேரே பார்த்துச் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டாள்.

படத்தை வாங்கப் போனவள் நான். "காயத்தை எடுத்துவிடுங்கோ அண்ணை, கொஞ்சம் வெள்ளையாவும் ஆக்கிவிடுங்கோ" என்றேன். அவர் தயங்கினார். வற்புறுத்தினேன். அவளுக்குக் காட்டாமலே உறையை ஒட்டி அனுப்பினேன்.

ஏன்? அவள் வாழ வேண்டுமென்றா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு... அந்த வடு எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பெடியனின் தாய் கைப்பையிலிருந்து படத்தை எடுத்தார். மாலதியைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். தேத்தண்ணி ஆறுமுன்னே எழுந்து போனார்கள். படம் மேசையிலேயே கிடந்தது.

மாலதி அதை எடுத்து நெடுநேரம் பார்த்தாள். ஸ்ரூடியோக்காரரின் வேலை என்றேன். நம்பினாள். பிறகு கன்னத்தைத் தொட்டுக்கொண்டு கேட்டாள்:

"அக்கா, இது அவ்வளவு அசிங்கமோ? எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

நான் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்!

கட்டுரைக்கு வகுப்பிலேயே உயர்ந்த புள்ளி கிடைத்தது. மாலதிதான் அதன் முதல் தாளைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். வருவோர் போவோருக்கெல்லாம் பெருமையாகக் காட்டினாள். அதைக் கிழித்தெறிய எனக்குக் கை வரவில்லை.

இதை வாசிக்கிற உன்னிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, நீயே சொல்!

இன்றும் என்னோடு பஸ்ஸில் ஏறினால், இடக் கன்னம் யன்னல் பக்கமாக இருக்கும் இடமாகத் தேடி அமர்கிறாள். நான் அவளுக்கு வலப்பக்கத்தில் அமர்ந்துகொள்கிறேன்.