கேட்டு வைத்த படம்

செருப்பை வாசலில் விட்டு, கொண்டையிலிருந்த ஹேர்பின்னையும் உருவி அதோடு வைத்த பிறகுதான் வீரலட்சுமி உள்ளே போகிறார். பட்டாசு ஆலைப் பழக்கம்; அங்கே இரும்பு உரசினால் தீப்பொறி. இங்கே மருந்தும் இல்லை, திரியும் இல்லை என்று காவலர் சொல்லிப் பார்த்துவிட்டார். "இருக்கட்டும்யா. இப்பிடிப் போனாத்தான் மனசு பதறாம இருக்கு."

சாத்தூரில் பழைய தீப்பெட்டிக் கிடங்கு ஒன்று பட்டாசுத் தொழிலாளர் அருங்காட்சியகமாகிறது. வீரலட்சுமியும் அச்சங்குளத்துப் பெண்கள் சிலரும் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து, எந்தப் பொருளை எங்கே வைப்பதென்று பேசி முடிவு செய்கிறார்கள். காப்பாட்சியர் சம்சாத் ஊருக்கே வந்து அழைத்திருந்தார். வீரலட்சுமிக்கு அந்த ஆச்சரியம் இன்னும் அடங்கவில்லை. "ஓட்டுக் கேட்டு வந்திருக்காக. சீசனுக்கு ஆள் கேட்டு வந்திருக்காக. ரோசனை கேட்டு யாரு வந்தாக?"

சரவெடி பின்னிய விரல்கள் சும்மா இருக்காது. பஸ் டிக்கெட், சணல் நூல், எது கிடைத்தாலும் பின்னிவிடும். வாயும் அப்படித்தான்.

ஒரு ஞாயிறு, மாட்டுவதற்காக வந்திருந்த படங்களில் ஒன்றில் அவருடைய ஓர்ப்படியாள் முத்துமாரியம்மாள், ஆலை விபத்தில் வெந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

"இத வைக்காதீக."

"நடந்ததை மறைக்கக் கூடாதுல்லக்கா," என்றார் சம்சாத்.

"மறைக்கச் சொல்லலம்மா. அவகிட்ட கேட்டீகளா?"

சம்சாத் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அன்று மாலையே அச்சங்குளம் போய், முத்துமாரியம்மாள் வீட்டில் தரையில் உட்கார்ந்து கேட்டார்.

முத்துமாரியம்மாள் சொன்னார்: "கட்டில்ல கெடந்தது வேணாம். இப்ப இருக்கேன்ல, இப்பிடி எடுங்க. சுருங்குன கையும் தெரியட்டும், மூஞ்சியும் தெரியட்டும். வெடிச்சதையும் எழுதுங்க."

திறப்பு நாளில் அந்தப் படம்தான் சுவரில் இருந்தது. கீழே, விபத்தன்று ஆலையில் நடந்தது, முத்துமாரியம்மாள் சொன்ன சொல் மாறாமல்.

"கேட்டு வச்சீகளே, அது போதும் தாயி" என்று சம்சாத்திடம் சொன்னார் வீரலட்சுமி. பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தார். படத்துக்குப் போடப்போகிறார் என்று நினைத்துக் கூட்டம் வழிவிட்டது. அவர் சரத்தை நடுவில் பல்லால் கடித்து இரண்டாக்கி, ஒன்றைப் பக்கத்தில் நின்ற முத்துமாரியம்மாள் தலையில் வைத்தார். மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஒனக்கும் வைக்கட்டா தாயி?" என்று கேட்டு, சம்சாத் சிரித்துத் தலையைக் குனிந்ததும் அவர் முக்காட்டை மெல்ல விலக்கினார்.