கேட்டுகிட்ட வந்துட்டேன்

என் தம்பி பிளம்பர். குழாய் வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாயைத் திறந்தால்தான் வினை. குளித்துவிட்டு ஈரத் தலையோடு துண்டில் நிற்பான், போன் அடிக்கும். "இதோ, உங்க தெருமுனைக்கு வந்துட்டேன் சார்!" என்பான். அப்புறம்தான் சட்டையைத் தேடுவான். கிளம்பாதவன் எப்படியடா 'வந்துட்டேன்' என்கிறாய், இது எந்த இலக்கணம் என்று கேட்டால், "மனசு அங்க போயிடுச்சுக்கா, உடம்புதான் பின்னாடி வருது" என்று பல்லைக் காட்டுவான்.

கீழ் வீட்டில் அவன் குடும்பம், மாடியில் நான். அவன் மனைவி நர்ஸ். விடியும் முன்பே டியூட்டிக்குப் போய்விடுவாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கிளப்பி அனுப்புவது என் தலையில் விழுந்தது. "சாப்பிட வாடி!" என்றால், "வந்துட்டேன் அத்தை!" என்று குரல் கட்டிலுக்கு அடியிலிருந்து வரும். "பல் தேய்ச்சியா?" "தேய்ச்சுட்டேன்!" பிரஷைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்து கிடக்கும். அப்பனை அப்படியே உரித்து வைத்திருந்தாள். கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

ஆனால் ஓட விட்டாலோ, அம்மாடி, பிடிக்க முடியாது. பள்ளித் தொடர் ஓட்டத்தில் ஓட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதற்கும் அந்த வாயே உலை வைத்தது. ஒருநாள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். "விசில் அடிச்சா எல்லாரும் கோட்டுல வந்து நிக்கிறாங்களாம். நான் 'வந்துட்டேன் மிஸ்'னு குரல் மட்டும் குடுக்கிறேனாம். டீம்ல வேண்டாம்னு மிஸ் சொல்லிட்டாங்க அத்தை." இரண்டு வாய் கூடச் சாப்பிடவில்லை.

மறுநாள் மாலை தம்பி டீச்சரைப் பார்த்துக் கெஞ்சக் கிளம்பினான். துணைக்கு நானும் பெண்ணும். வாசலில் செருப்பு மாட்டும்போதே டீச்சரிடமிருந்து போன்.

"ஸ்கூல் கேட்டுகிட்ட வந்துட்டேன் மிஸ்!"

"அப்படியா? நானும் கேட்டுலதானே நிக்கிறேன். எந்தப் பக்கம் இருக்கீங்க?"

பழக்க தோஷம், ஸ்பீக்கரில் வேறு போட்டிருந்தான். மகள் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன், பாவமாகவும் இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது டீச்சர் திட்டவில்லை. சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். "பிள்ளை எங்க கத்துக்கிச்சுன்னு இப்பப் புரியுது. சரி, நாளைக்குக் காலையில ஆள் எடுக்கிறேன். விசில் சத்தம் நிக்கும்போது யாரு கோட்டுல நிக்கிறாங்களோ, அவங்கதான் டீம்."

மறுநாள் மைதானத்தில் மகள் அப்பாவின் கையை விடாமல் நின்றாள். நேரம் பார்த்து அடித்தது பாருங்கள் அவன் போன்! யாரோ வீட்டுச் சமையலறைக் குழாய் மூட மாட்டேன் என்கிறதாம்.

"எங்கய்யா இருக்கீங்க?"

தம்பி வாயைத் திறந்தான். மகளின் கண் அவன் வாய் மேலேயே இருந்தது. நாக்கு வரை வந்ததை விழுங்கிவிட்டான்.

"சார்... நான் இன்னும் கிளம்பவே இல்ல. பொண்ணோட ஸ்கூல்ல நிக்கிறேன். இது முடிஞ்சுதான் வருவேன்."

அந்தப் பக்கத்திலிருந்து, "யாருய்யா பேசுறது? போனை பிளம்பர்கிட்ட குடு!"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மகளும் கெக்கெக்கே என்று சிரித்தாள். அந்த நேரம் பார்த்து விசில். வாயே திறக்காமல் அப்பாவின் கையை உதறிவிட்டு ஒரே பாய்ச்சல். விசில் நின்றபோது கோட்டில் முதல் ஆளாக மூச்சிரைத்துக்கொண்டு நின்றாள். டீச்சர் அவள் முதுகில் தட்டி, "கடைசி ரவுண்டு நீதான் ஓடுற. இப்பவே ஒரு தடவை ஓடிப் பார்த்துடலாம்" என்றார்.

தம்பி மைதானத்து ஓரத்தில் குதித்தான். போனில் அந்த ஆள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். "ஹலோ! அங்க என்னய்யா சத்தம்?"

"என் பொண்ணை டீம்ல சேர்த்துக்கிட்டாங்க சார்! கடைசி ரவுண்டு அவதான்!"

"அட, சொல்ல வேண்டியதுதானே! இருந்து அவ ஓடுறதைப் பார்த்துட்டே வாங்க. நான் வாளியை வெச்சுச் சமாளிச்சுக்கிறேன்."

இத்தனை வருஷத் தொழிலில் ஒருவர்கூட என் தம்பியை மெதுவாக வரச் சொன்னதில்லை.