பெண் பார்க்கும் நாளுக்கு ஒரு புல்தரை

நான் நான்காம் வகுப்பு படித்த வருடத்து மார்கழியில் என் மாமா எங்கள் வாசலில் புல் பதித்தார். எங்கள் ஊரான சேரப்பணஞ்சேரியில் புல் தானாகவே முளைக்கும். அதைப் பிடுங்கிப் போடத்தான் ஆள் தேடுவார்கள். புல்லை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய முதல் மனிதர் அவர்தான் என்பதால் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

மாமா அம்மாவுக்கு அண்ணன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தோட்டவேலைக்கு சூப்பர்வைசர். வெளிநாட்டிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று அந்த மாதம் கம்பெனி முகப்பு முழுக்கப் புதுப் புல் பதித்திருந்தார்கள். மிச்சமானதை எங்காவது கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார்கள். அந்த ‘எங்காவது’ மாமாவுக்கு எங்கள் வீடாகத் தெரிந்தது. காரணமும் இருந்தது. தை பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை தண்டலம் பக்கம். வீட்டில் கார் இருந்தது. கார் வைத்திருப்பவர்கள் மண்ணில் இறங்கக் கூடாது என்று மாமா தீர்மானித்துவிட்டார்.

சித்தி அம்மாவின் தங்கை. அப்பா துபாயில் இருந்ததால் நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். சித்தி இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வருடம்தான் அவளை லைன் லீடர் ஆக்கியிருந்தார்கள். அங்கே முப்பது பேர் அவள் சொன்னால் கேட்பார்களாம். வீட்டில் அவள் பேச்சைக் கேட்டது நான் ஒருத்திதான்.

கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டியதில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் முன்பே தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைக் கேட்டு எனக்குச் சித்தி மேல் பொறாமையாக இருந்தது. இனிமேல் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அவர்கள் காலில் விழுந்திருப்பேன். சித்தி என்னவோ சாப்பாட்டுத் தட்டில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமா வாசலைக் கொத்தி, செம்மண் கொட்டி, எரு கலந்து, தண்ணீர் நிரப்பிய டிரம்மை உருட்டிச் சமன் செய்தார். அதன் மேல் சதுரமாக வெட்டி வந்த புல் துண்டுகளை டைல்ஸ் ஒட்டுவது போல ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கினார். கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் பச்சை. அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு படியில் நின்றாள்.

“மார்கழி மாசம் நான் எங்க கோலம் போடறது?”

“ரோட்ல போடு. வேர் புடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது.”

அம்மா ரோட்டில் போட்டாள். ஷேர் ஆட்டோக்கள் அதை அரைமணி நேரத்தில் அழித்தன. நாங்கள் எல்லோரும் பின்பக்கமாக, குளியலறையைச் சுற்றிக்கொண்டு போய்வந்தோம். மாமா நான்கு பக்கமும் கயிறு கட்டினார். பலகையில் எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. ‘புள் மீது நடக்காதீர்கள்’ என்று பெரிதாக எழுதினேன். வழியே போன தமிழ் வாத்தியார் நின்று இரண்டு முறை வாசித்துவிட்டு, பறவை ஏதாவது தெரிகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.

ஒருநாள் பால்காரர் வழக்கம் போல கேட்டுக்கு வெளியிலிருந்தே பாக்கெட்டை எறிந்தார். அது நட்டநடுப் புல்லில் போய் விழுந்தது. மாமா நீளமான பலகையைப் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து, குடைக் கைப்பிடியால் பாலை இழுத்தார். பாக்கெட் உடைந்தது. புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும் மாமா நிம்மதியானார். அன்று வீட்டில் யாருக்கும் காபி இல்லை.

தண்ணீர் விடும் வேலையையும் மாமா என்னிடம்தான் கொடுத்தார்.

“பாப்பா, காலைல ஒரு வாட்டி லேசா தெளிச்சா போதும். பனிக்காலம். ஜாஸ்தி ஊத்துனா வேர் புடிக்காது, அழுகிடும்.”

பொங்கல் லீவு வந்தது. சித்திக்கு அந்த வாரம் செகண்ட் ஷிப்ட். மதியம் வரை வீட்டில் இருந்தாள். எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்: “பாவம் பாப்பா, அதுக்கும் தாகம் எடுக்கும்ல? சாயங்காலமும் ஊத்து.” ஊற்றினேன். இரண்டு நாள் கழித்து, “மத்தியானமும் ஊத்தேன்” என்றாள். ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலை மாமா பூவும் பழமும் வாங்கப் படப்பைக்குப் போயிருந்தபோது ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

“இன்னிக்கு நல்லா ஊத்து. பளபளன்னு இருக்கணும்ல?”

குழாயைத் திறந்துவிட்டு, மேல்தொட்டி காலியாகும் வரை ஊற்றினேன்.

மாமா திரும்பி வந்து பார்த்து மலைத்துப் போனார். “பனி எப்டி நிக்குது பாரு!” என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மணி பத்தரை. அந்த நேரத்தில் என்ன பனி என்று யாரும் கேட்கவில்லை.

கார் வந்து நின்றது. மாமா கயிற்றை அவிழ்த்தார். திறப்பு விழாவே நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். “வாங்க, வாங்க, புல்லு மேலயே வாங்க” என்று கையை நீட்டினார். மாப்பிள்ளையின் அம்மா அரக்குப் பட்டுப்புடவையில் முதல் அடி வைத்தார். இரண்டாவது அடியில் ஒரு சதுரப் புல் அவரோடு சேர்ந்தே கிளம்பியது. வழுக்கிக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தவர் எங்கள் கண் முன்னால் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிட ஓடிவந்த மாப்பிள்ளையின் ஷூ செம்மண்ணில் புதைந்தது. அவர் காலை இழுத்தார். கால் மட்டும் வந்தது. மாமா அவர் இடுப்பைப் பிடித்தார். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னாங்க இது, வூட்டு வாசல்ல நாத்து நட்டு வச்சிகீறீங்க!” என்றார் அந்த அம்மா.

என் அம்மாவின் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு அவர் கேசரி சாப்பிட்டார். மாப்பிள்ளை ஒரு காலில் சாக்ஸோடு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். சித்தி காபி கொடுத்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. போய்த் தகவல் சொல்கிறோம் என்று பின்பக்கமாகப் போனார்கள். தரகர் மதியமே போன் செய்தார். வாசலிலேயே வழுக்கியது சகுனம் சரியில்லையாம்.

மாமா குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எவ்ளோ ஊத்துன நீ? உன்னால ஒரு நல்ல எடம் போச்சு!”

நான் அழத் தொடங்கும் முன்பே சித்தி வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

“அவள ஏண்ணா திட்ற? நான்தான் ஊத்தச் சொன்னேன்.”

மாமா அவள் பக்கம் திரும்பினார். “வேணான்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேன். மூணு வாட்டி சொன்னேன். நீ புல்லு பதிச்சிக்கினு இருந்த.”

அம்மா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. மாமா படியில் உட்கார்ந்து, கலைந்து கிடந்த சதுரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி சீருடையை இஸ்திரி போடத் தொடங்கினாள். மறுநாள் அவளுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்.

புல்லுக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு விழ வேண்டிய திட்டு நின்றுவிட்டது, அது மட்டும் புரிந்தது. நான் ஊற்றிய தண்ணீரில் ஒரு தப்பும் இல்லை என்று முடிவு செய்து, மறுநாள் காலை எழுந்ததும் மறுபடியும் குழாயைத் திறந்துவிட்டேன்.