முடிச்சூர் வீட்டுக்கு மூன்று சாட்சிகள்

“...மூணு இடத்துல பாத்துட்டேன் சார். மூணுலயும் தண்ணி நிக்காதுன்னுதான் போட்டிருக்கு. அப்புறம் என்ன சார்?”

சொன்னவள் பிளஸ் ஒன் படிக்கிற பெண். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே நான் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பில் சனிக்கிழமை சாயங்கால பேட்ச். இணையத்தில் ஒரு விஷயத்தை எப்படித் தேடுவது, கிடைத்ததை எந்த அளவுக்கு நம்புவது என்று ஒரு மாதமாகத் தொண்டை கட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கென்று நான் பட்டம் வாங்கியவன் இல்லை. முன்பு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது, ஜனங்கள் எதையெதையோ நம்பி என்னிடம் பிரிண்ட் எடுத்துப் போனதைப் பார்த்துப் பார்த்துத் தேறியவன். ஷேர் ஆட்டோவில் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “போன்ல வந்தது பொய்யாயிருக்குமா? சும்மாவா மாசாமாசம் ரீசார்ஜ் பண்றோம்?” கேட்டபோது ரசித்தேன். அந்த வாசகத்தோடுதான் தினம் மல்லுக்கட்டப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

அந்த வாரம் நான் கொடுத்த வேலை, அவரவர் வீட்டுக்கு நிஜமாகவே தேவைப்படுகிற ஒரு கேள்விக்குப் பதில் தேடுவது. பாதிப் பேர் முடி கொட்டுவதைப் பற்றித் தேடியிருந்தார்கள். இவள் கொண்டுவந்தது மட்டும் கனமான கேள்வி. இவர்கள் குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் அப்பா, முடிச்சூரில் புது அடுக்குமாடி ஒன்றில் தரைத்தள வீடு பார்த்திருந்தார். வாங்கிவிடலாம் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. அப்பாவுக்கு ஒரே பயம், மழைத் தண்ணீர். முடிச்சூர்த் தெருவில் படகு போனதை 2015 வெள்ளத்தின்போது டிவியில் பார்த்தவர். “நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே, பாத்து சொல்லு” என்று பொறுப்பை மகளிடம் விட்டுவிட்டார். மறுநாள் காலை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார்.

அவள் பார்த்த மூன்று இடங்களையும் திறக்கச் சொன்னேன். முதலாவது, கட்டடம் கட்டியவருடைய சொந்தப் பக்கம். இரண்டாவது, வீடு விற்பவர்கள் விளம்பரம் போடும் தளம். மூன்றாவது, ஒரு பையன் கேமராவைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் நடந்துபோகும் வீடியோ. மூன்றிலும் வாசலில் ஒரே வெள்ளைக் கார். மூன்றிலும் ஒரே வாசகம்: எப்பேர்ப்பட்ட மழையிலும் சொட்டுத் தண்ணீர் தேங்காத மேட்டுப் பகுதி.

“ஒரே வாய்மா இது. முன்னாடி மூணு மைக் வச்சிருக்காங்க” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மூன்று இடத்தில் பார்க்கச் சொன்னது நான்தான் என்றாள். அது உண்மை. யார் எழுதியது, எப்போது எழுதியது, எதற்கு எழுதியது என்றும் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தேனே என்றேன். அதையும் செய்திருந்தாள். யார் எழுதியது? கூகுள். எப்போது? நேற்று, அவள் பார்த்த அன்று. எதற்கு? நாம் தெரிந்துகொள்வதற்காக.

ஒரு மாத உழைப்பு. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

சரி என்று அவள் பக்கத்திலேயே இருந்து, ஊர்ப் பெயரையும் வெள்ளம் வந்த வருஷத்தையும் போட்டுப் பழைய செய்திகளைத் தேடவைத்தேன். படங்கள் வந்தன. இடுப்பளவு தண்ணீர், மொட்டைமாடியில் ஜனங்கள். அவள் முகம் மாறியது. கடைசி வரிசையிலிருந்து ஒருவன் குறுக்கே விழுந்தான்.

“இன்னா சார், அவங்கள பேஜார் பண்றீங்க. அதெல்லாம் அப்போ. இப்போ கால்வா கட்டிட்டாங்க.”

எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். எல்லோரும்தான் சொல்கிறார்கள் என்றான். எல்லோரும் என்றால் யார்? அவன் அப்பா இருக்கிற குரூப், அம்மா இருக்கிற குரூப், அவர்கள் அபார்ட்மென்ட் குரூப். ஆக அவனிடமும் மூன்று இருந்தது. வகுப்பே அவன் பக்கம் தலையாட்டியது.

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. இந்தப் படங்களில் இருப்பது அந்தத் தெருதானா என்று எனக்குத் தெரியாது என்றேன். ஊரே மூழ்கினாலும் அந்த ஒரு தெரு மேடாக இருந்திருக்கலாம், கால்வாயும் கட்டியிருக்கலாம், வீடு நல்ல வீடாகவே இருக்கலாம். விற்கிறவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்யாதே, படத்தை மட்டும் பார்த்தும் முடிவு செய்யாதே என்றேன். நாளைக்கு அப்பாவோடு நீயும் போ. வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தெருவில் பழைய வீடாகப் பார்த்து, அந்த வருஷம் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று கேள். ஒரு வீட்டில் கேட்டு நிறுத்தாதே.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நேர்ல போய்த்தான் கேக்கணும்னா நெட் எதுக்கு சார்?” என்றாள்.

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. நீளமான பதில். யாரிடம் கேட்பது, என்ன கேட்பது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் நெட் என்று ஆரம்பித்தேன். அதற்குள் அடுத்த பேட்ச் படியேறி வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. இவர்கள் பையைத் தூக்கிவிட்டார்கள். நான் சத்தத்துக்கு மேலே சத்தமாக, “தண்ணி நிக்கும்னு நான் சொல்லலம்மா, விசாரிக்கணும்னுதான் சொன்னேன்” என்றேன். புரிந்தது என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

ஆட்டிக்கொண்டே போனை வாய்க்கு அருகே கொண்டுபோய், வாட்ஸ்அப்பில் மைக் படத்தை அழுத்திப் பிடித்தாள்.

“அப்பா, அந்த வீடு வேணாம்ப்பா. தண்ணி நிக்குமாம். கம்ப்யூட்டர் சாரே சொல்லிட்டாரு.”

விரலை எடுத்தாள். போய்விட்டது.